கொலைகாரன் பாட்டில் பர்கர் விளம்பரம்

கேள்வி: பழைய ஹிட் பாடல்களை பர்கர் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வது சரியா?

பதில்: பொருளை உதறிவிட்டு மெட்டை மட்டும் உருவுவது எனக்குப் பிடிக்காது. ‘மேக் தி நைஃப்’ ஒரு கொலைகாரனைப் பற்றிய பாட்டு. 1928-ல் பெர்லினில் மேடையேறிய இசை நாடகத்துக்காக பிரெக்ட் எழுதி, குர்ட் வைல் இசையமைத்தது. 1959-ல் பாபி டேரின் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 1980-களின் பிற்பகுதியில் மெக்டொனால்ட்ஸ், வரிகளை மாற்றி அதே மெட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆள் கூப்பிட்டது. அந்த விளம்பரத்தில் வரும் பாத்திரத்துக்குப் பிறைநிலாத் தலை, கறுப்புக் கண்ணாடி, பியானோ மேல் துள்ளும் விரல்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பாட்டின் இருட்டு எங்கே போயிற்று? தந்தையின் பாணியை அனுமதியின்றி எடுத்தாண்டதாக 1989-ல் டேரினின் மகன் வழக்குப் போட்டார். விளம்பரத்தில் அந்தப் பாட்டு நிறுத்தப்பட்டது. விளம்பரத்துக்கென்று புது மெட்டுப் போடட்டும், அதுதான் முறை.