கலைக்குப் பொறுப்பேற்போர்

பினாங்குத் தீவின் கிழக்குப் பகுதியில் அமைந்துள்ள ஜெலுத்தோங், ஜார்ஜ்டவுன் மாநகரைச் சேர்ந்த மக்கள் நெருக்கம் மிகுந்த வட்டாரமாகும். இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பார்க்குவார் சாலையில் ஒரு பழைமையான கட்டடம் உண்டு. 1816ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பினாங்கு ஃபிரீ பள்ளி ஒரு காலத்தில் அங்கு இயங்கியது. 1965இல் அக்கட்டடத்தில் பினாங்கு மாநில அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேப்டன் ராபர்ட் சுமித் தீட்டிய பினாங்குக் காட்சி ஓவியங்கள் அதன் அரிய சேகரிப்புகளுள் அடங்கும்.

இத்தகைய கலைச் செல்வங்கள் பொதுமக்களின் சொத்து. எனினும், எந்த ஓவியத்தை வாங்குவது, எந்தக் கலைக்கு உதவுவது, பொதுப்பணத்தை எவ்வாறு பகிர்வது என்பவற்றை எல்லா மக்களும் ஒன்றுகூடி முடிவு செய்ய இயலாது. ஆகவே, அவர்கள் சார்பில் சிலர் அப்பொறுப்பை ஏற்கின்றனர். அவர்களே வாரிய உறுப்பினர்கள்.

வாரியமும் அரசுத் துறையும்

அரசுத் துறை அமைச்சரின் நேரடிப் பார்வையில் இயங்குகிறது. வாரியத்தைக் கொண்ட பொது அமைப்போ பெரும்பாலும் ஒரு சட்டத்தின்வழி உருவாகிறது. அதன் நோக்கம், அதிகாரம், உறுப்பினர் நியமனம் ஆகியவற்றை அச்சட்டமே வரையறுக்கிறது. மலேசியாவில் 1958ஆம் ஆண்டு தேசியக் கலைக்கூடம் தொடங்கப்பட்டது. இன்று அதனைத் தேசியக் காட்சிக்கலை மேம்பாட்டு வாரியம் நிருவகிக்கிறது. அண்டை நாடான சிங்கப்பூரில் 1991இல் தேசியக் கலைகள் மன்றம் நிறுவப்பட்டது. இதுவும் சட்டத்தால் அமைந்த வாரியமே.

அரசே பணம் தரும்போது, இடையில் ஒரு வாரியம் எதற்கு? இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் இக்கேள்விக்கு ஒரு விடை கண்டது. பொருளியல் அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் முன்னின்று உழைத்ததன் பயனாக, 1946இல் அங்குக் கலை மன்றம் உருவானது. அரசு நிதி வழங்கும். ஆனால், எந்த நாடகத்திற்கு அல்லது எந்த இசைக்குழுவிற்கு அந்நிதி சேர வேண்டும் என்பதை மன்றமே தீர்மானிக்கும். ஆட்சியாளரின் விருப்பு வெறுப்பு கலைஞரின் படைப்பைப் பாதிக்கக் கூடாது என்பதே இதன் உட்கருத்து. பின்னர்ப் பல நாடுகள் இம்முறையைத் தத்தம் சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டன.

உறுப்பினரின் கடமைகள்

வாரிய உறுப்பினர் அன்றாட வேலைகளைச் செய்பவர் அல்லர். கண்காட்சிக்குப் படம் மாட்டுவதும் மேடைக்கு விளக்கு அமைப்பதும் பணியாளர்களின் வேலை. உறுப்பினரின் கடமைகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, அமைப்பு செல்ல வேண்டிய திசையை வகுத்தல். அடுத்த சில ஆண்டுகளில் எந்தக் கலைகளுக்கு முன்னுரிமை தருவது என்பது இதில் அடங்கும். இரண்டாவது, பணத்தைக் கண்காணித்தல். வரவு செலவுத் திட்டத்தை ஆராய்ந்து, தணிக்கை அறிக்கையைப் படித்து, புரியாத இடத்தில் தயங்காமல் கேள்வி கேட்க வேண்டும். மூன்றாவது, தலைமை நிருவாகியின் பணியை மதிப்பிடுதல். நான்காவது, அமைப்பின் நற்பெயரையும் தன்னுரிமையையும் காத்தல்.

இந்நான்கையும் தாங்கி நிற்பது நடுவுநிலைமையே. திருவள்ளுவர் இதற்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, துலாக்கோலை அதற்கு உவமையாகக் காட்டியுள்ளார்.

ஒரு விண்ணப்பம், இரு சோதனைகள்

ஜெலுத்தோங்கைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் உறுமி மேளக் குழு ஒன்றை நடத்துகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். புதிய கருவிகள் வாங்கவும் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் அவர்கள் ஒரு கலை அமைப்பிடம் உதவித்தொகை கேட்கின்றனர். விண்ணப்பம் வாரியத்தின் முன் வருகிறது.

வாரிய உறுப்பினர்களுள் ஒருவர் தமிழர். அவருடைய தம்பிதான் அக்குழுவின் பயிற்றுநர். இது முதல் சோதனை. அவர் என்ன செய்ய வேண்டும்? கூட்டத்தின் தொடக்கத்திலேயே அந்த உறவை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். அவ்விண்ணப்பம் பேசப்படும்போது அறையை விட்டு வெளியேற வேண்டும். இவ்விரண்டும் கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆயினும், தம்பிக்குச் சாதகமாகப் பேசினார் என்னும் ஐயம் எழுந்தால், தகுதியால் கிடைத்த உதவிகூட சலுகையாகவே பார்க்கப்படும். அதனால் பழி சேர்வது இளைஞர்களுக்கே.

இரண்டாம் சோதனை மற்ற உறுப்பினர்களுக்கு உரியது. "உறுமி மேளம் கோவில் ஊர்வலத்தில் அடிப்பதுதானே! அதனைக் கலை என்று எப்படிக் கருதுவது?" என ஒருவர் கேட்கலாம். இக்கேள்விக்குச் சொந்த இரசனையைக் கொண்டு விடை சொல்லக் கூடாது. முன்கூட்டியே எழுதி வெளியிடப்பட்ட விதிகளைக் கொண்டே முடிவு காண வேண்டும். சீனப் பொம்மலாட்டக் குழுவிற்கும் மலாய் நாடகக் குழுவிற்கும் எந்த அளவுகோலோ, அதே அளவுகோல் உறுமி மேளத்திற்கும் பொருந்த வேண்டும்.

அளவுகோல் ஒன்று என்றால், அது கண்டிப்புக்கும் பொருந்தும். அக்குழு முன்பு பெற்ற உதவிக்குக் கணக்கு ஒப்படைக்கவில்லை எனில், கணக்கு வரும்வரை புதிய உதவியை நிறுத்தி வைப்பதே முறை. தமிழ்க் குழு என்பதற்காக விலக்கு அளிக்கத் தமிழ் உறுப்பினருக்கும் உரிமை இல்லை. அவர் ஓர் இனத்தின் வழக்கறிஞராக அன்றி, பொதுமக்கள் அனைவரின் அறங்காவலராகவே அங்கு அமர்ந்திருக்கிறார்.

அப்படியானால், பல சமூகத்தினரும் வாரியத்தில் இடம்பெறுவதால் என்ன பயன்? பிறர் கண்ணில் படாததை அவர்களால் காட்ட முடியும். விண்ணப்பப் படிவம் எளிய குழுக்களுக்குப் புரிகிறதா? அலுவலகமோ கணக்கரோ இல்லாத இளைஞர்களுக்கு வழிகாட்ட யாரேனும் உள்ளனரா? இத்தகைய வினாக்களை எழுப்பி, எல்லாக் குழுக்களுக்கும் பொதுவான பயிலரங்கு நடத்துமாறு முன்மொழிவது நல்ல உறுப்பினரின் செயலாகும்.

பினாங்கின் கலை வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. பங்சாவான் என்னும் மலாய் நாடகக் கலை, இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கில் வளர்ந்தது. போரியா கலையின் வளர்ச்சியில் இந்திய வம்சாவளி முஸ்லிம்களுக்கும் பங்குண்டு. பல சமூகங்கள் கலந்து உருவாக்கிய கலைகளை ஒரே கண்ணால் பார்த்து மதிப்பிட முடியாது.

நிறுவனர் மறைந்த பின்னும்

சென்னையிலுள்ள கலாசேத்திரா மற்றொரு கோணத்தைக் காட்டுகிறது. 1936இல் அதனைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் 1986இல் மறைந்தார். ஒருவரின் ஆளுமையால் வளர்ந்த நிறுவனம், அவருக்குப் பின் எவ்வாறு நிலைபெறும் என்னும் கேள்வி எழுந்தது. 1993இல் இந்திய நாடாளுமன்றம் கலாசேத்திரா அறக்கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆட்சி வாரியம், கல்விக் குழு, நிதிக் குழு எனப் பொறுப்புகள் பிரிக்கப்பட்டன. எல்லா அதிகாரமும் ஒருவரிடம் குவியாமல் இருக்க இப்பகுப்பு உதவுகிறது. ஆனால், சட்டம் நாற்காலியை மட்டுமே தரும். அதில் அமர்பவர் கேட்க வேண்டியதைக் கேட்காமல் தலையாட்டினால், சிறந்த சட்டமும் ஏட்டுச் சுரைக்காயே.

பொதுப்பணம் அளவுக்கு உட்பட்டது. ஒரு குழுவிற்கு ஆம் என்றால், இன்னொரு குழுவிற்கு இல்லை என்று சொல்ல நேரிடும். அந்த இல்லைக்கும் காரணம் கூற வேண்டும். அக்காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். உதவி கிடைக்காத இளைஞர் அதனைப் படித்துவிட்டு, "என் விண்ணப்பம் நேர்மையாகப் பார்க்கப்பட்டது" என்று ஏற்றுக்கொண்டு, குறையைத் திருத்தி அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தால், அந்த வாரியம் தன் கடமையைச் செய்துவிட்டது எனலாம்.

சிந்தித்துக் கூறுக

1. உறவினரின் விண்ணப்பம் பேசப்படும்போது உறுப்பினர் வெளியேறுவது ஏன் இன்றியமையாதது?
2. உங்கள் பள்ளிக் கலைக்கழகச் செயற்குழு, நிதியைப் பகிர எந்த மூன்று விதிகளைக் கடைப்பிடிக்கலாம்?