கவுன்சிலர் டீச்சர் எதற்கு?

பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு சீட்டு வருகிறது. "பெற்றோர் நாளை பள்ளிக்கு வரவும். பள்ளி ஆலோசகரைப் பார்க்கவும்" என்று அதில் எழுதி இருக்கிறது.

சீட்டைப் படித்ததும் பல வீடுகளில் பயம் வந்து விடுகிறது. பையன் என்ன தப்பு செய்தான்? பிள்ளைக்கு மூளையில் கோளாறா? ஊருக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்கள்?

பயப்பட வேண்டாம். பள்ளி ஆலோசகர் யார், அவர் என்ன வேலை செய்கிறார் என்று தெரிந்து கொள்வோம்.

யார் இவர்?

பிள்ளைகள் இவரைக் கவுன்சிலர் டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். இவர் வார்டு கவுன்சிலர் அல்ல. ஓட்டுக் கேட்டு வருகிறவர் அல்ல. மனித மனதைப் பற்றிய படிப்புக்கு உளவியல் என்று பெயர். உளவியலோ சமூகப் பணியோ படித்தவர்கள்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள்.

கேரளத்தில் பல அரசுப் பள்ளிகளில் இப்படி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பெண்கள், குழந்தைகள் வளர்ச்சித் துறை இவர்களை நியமித்து இருக்கிறது.

இவர் பாடம் நடத்துவது இல்லை. பரீட்சை வைத்து மார்க் போடுவது இல்லை. ஊசி போடுவதும் இல்லை, மாத்திரை கொடுப்பதும் இல்லை. பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துப் பேசுகிறார். பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிறார். பிறகு ஆசிரியரிடம் பேசுகிறார். அம்மா அப்பாவிடம் பேசுகிறார். பிள்ளை ஏன் இப்படி இருக்கிறது என்று காரணம் தேடுகிறார்.

காரணம் தெரிந்தால் பாதி வழி திறந்து விடும்.

இந்த வேலை எப்படித் தொடங்கியது?

அது 1896ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியா என்று ஒரு நகரம். அங்கே பல்கலைக் கழகத்தில் லைட்னர் விட்மர் என்ற உளவியல் பேராசிரியர் இருந்தார். ஒரு பள்ளி ஆசிரியை அவரிடம் 14 வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார். "இவன் கெட்டிக்காரன்தான். ஆனால் எழுத்துக் கூட்டிச் சரியாக எழுத வரவில்லை. ஏன்?" என்பதுதான் ஆசிரியையின் கேள்வி.

விட்மர் பையனைத் திட்டவில்லை. சோதித்துப் பார்த்தார். பையனின் கண்ணில் குறை இருந்தது. ஒரு பொருள் அவனுக்கு இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடி போட்டார்கள். பிறகு சொற்களைப் பார்த்துப் படிக்கத் தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள். பையன் முன்னேறினான்.

அந்த ஆண்டிலேயே விட்மர் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். 1913இல் லண்டன் நகர நிர்வாகம் தன் பள்ளிகளுக்கு என்றே ஓர் உளவியல் அறிஞரை வேலைக்கு வைத்தது. அவர் பெயர் சிரில் பர்ட். பிறகு இந்த வேலை பல நாடுகளுக்குப் பரவியது.

அந்த ஆசிரியை பையனை "மக்கு" என்று ஒதுக்கி இருந்தால் என்ன ஆகி இருக்கும்? கண்ணில் இருந்த குறை யாருக்கும் தெரியாமலே போய் இருக்கும்.

மொழி தெரியாததா, மூளை இல்லாததா?

நம் எல்லைப் பகுதியில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. சிற்றூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கம் பல வீடுகளில் தமிழ்தான் பேச்சு. மூணாறு, தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களிலும் அப்படித்தான். ஏலத் தோட்ட வேலைக்குத் தேனிப் பக்கம் இருந்து குடும்பத்தோடு வருகிறவர்களும் உண்டு.

சில பள்ளிகளில் தமிழ் வழி வகுப்பு இருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் இல்லை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை மலையாள வகுப்பில் போய் உட்காருகிறது.

"வெள்ளம் குடிச்சோ?" என்று டீச்சர் அன்பாகக் கேட்கிறார். தண்ணீர் குடித்தாயா என்று அர்த்தம். தமிழ்நாட்டில் இருந்து புதிதாக வந்த பிள்ளைக்கு வெள்ளம் என்றால் ஆற்றில் வரும் வெள்ளம்தான். பிள்ளை விழிக்கிறது. "கரையண்டா" என்கிறார் டீச்சர். அழாதே என்று அர்த்தம். பிள்ளைக்கு அதுவும் புரியவில்லை.

நான்கு நாள் இப்படிப் போனால் பிள்ளை வாயைத் திறக்காது. கேள்வி கேட்டால் தலையைக் குனியும். "இதற்கு ஒன்றும் ஏறாது" என்று பெயர் வந்து விடும். பிள்ளையும் அதை நம்பி விடும்.

நல்ல ஆலோசகர் இங்கே என்ன செய்வார்? பிள்ளையிடம் தமிழில் பேசிப் பார்ப்பார். தமிழில் கதை சொல்லச் சொல்வார். கணக்குக் கேட்பார். தமிழில் பதில் பளிச் என்று வந்தால் விஷயம் தெரிந்து விடும். குறை மூளையில் இல்லை. மொழி புதிது, அவ்வளவுதான். ஆசிரியரிடம் சொல்லி, பிள்ளைக்குக் கொஞ்ச நாள் அவகாசம் வாங்கித் தருவார். இரண்டு மொழியும் தெரிந்த ஒரு தோழியைப் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்வார்.

இன்னும் என்ன காரணங்கள்?

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே காரணம் இருக்காது.

கரும்பலகை சரியாகத் தெரியாமல் இருக்கலாம். காதில் சீழ் வந்து கேட்காமல் இருக்கலாம். காலையில் சாப்பிடாமல் வந்து இருக்கலாம். இவற்றை முதலில் ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும்.

சில பிள்ளைகள் பேச்சில் சூட்டிகை. ஆனால் எழுத்து மட்டும் குழம்பும். எழுத்துகள் இடம் மாறும். எத்தனை முறை சொன்னாலும் மறந்து போகும். இதற்குக் கற்றல் குறைபாடு என்று பெயர். இது சோம்பல் அல்ல, திமிர் அல்ல. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதில் கற்றல் குறைபாடும் சேர்ந்து இருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் இருந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். எப்படி வாங்குவது என்று ஆலோசகரைக் கேளுங்கள்.

சில பிள்ளைகளுக்கு வீட்டில் துன்பம். இரவெல்லாம் சண்டை. அப்பா குடித்து விட்டு அம்மாவை அடிக்கிறார். பிள்ளை போர்வைக்குள் விழித்துக் கிடக்கிறது. மறுநாள் வகுப்பில் தூங்கி விழுகிறது. அந்தப் பிள்ளைக்குத் திட்டு எதற்கு?

சில பிள்ளைகளை மற்றவர்கள் நிறத்தைச் சொல்லி, சாதியைச் சொல்லி, "தோட்டத்துப் பையன்" என்று சொல்லிக் கேலி செய்கிறார்கள். அந்தப் பிள்ளை வயிற்று வலி என்று சொல்லிப் பள்ளிக்கு வர மறுக்கும்.

பரீட்சைப் பயமும் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. தோற்றால் வாழ்க்கையே போச்சு என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது உண்மை அல்ல. கேரளத்தில் 'சே' தேர்வு என்று ஒன்று உண்டு. 'ஒரு வருடத்தைக் காப்பாற்று' என்பது அந்தப் பெயரின் பொருள். சில பாடங்களில் தவறியவர்கள் அதே ஆண்டில் மறுபடி எழுதலாம்.

பெட்டிமுடிக்குப் பிறகு

2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு. மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் பெரிய மழை. மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்கள் மேல் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு.

இப்படி ஒரு துயரம் நடந்தால் உயிர் தப்பிய பிள்ளையின் மனதில் என்ன இருக்கும்? மழைச் சத்தம் கேட்டாலே நடுங்கும். இரவில் கத்தி எழும். பெரிய பிள்ளையும் படுக்கையில் மூத்திரம் போகும். பக்கத்து பெஞ்சில் இருந்த தோழி இல்லை என்றால் புத்தகத்தில் எப்படி மனம் போகும்?

"மறந்து விடு" என்று சொன்னால் பிள்ளை மறந்து விடாது. அதைப் பேச விட வேண்டும். பேச்சு வராத சின்னப் பிள்ளைக்குத் தாளும் கலரும் கொடுத்தால் படம் வரையும். மனதில் இருப்பது படத்தில் வரும். விளையாட விட வேண்டும். பள்ளியைச் சீக்கிரம் திறந்தால் மனம் கொஞ்சம் நிலைக்கு வரும். 2024 ஜூலை 30ஆம் தேதி வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளில் மலை சரிந்தது. அப்போது முகாம்களில் சோறு, துணியோடு மனநலக் குழுக்களும் உதவிக்குப் போயின.

காயத்துக்குக் கட்டுப் போடுகிறோம். மனதின் காயத்துக்கும் கவனிப்பு வேண்டும்.

ரகசியம் வெளியே போகுமா?

பல தாய்மாருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. பிள்ளை சொன்னதை ஆலோசகர் ஊரில் சொல்லக் கூடாது. அது அவர் தொழிலின் ஒழுக்கம்.

ஆனால் பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் அவர் சும்மா இருக்க முடியாது. யாராவது பிள்ளையிடம் பாலியல் தொல்லை செய்தால் அது பெரிய குற்றம். இதற்குப் போக்சோ சட்டம் இருக்கிறது. 2012இல் வந்த சட்டம். குற்றம் நடந்தது தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆலோசகரும் சொல்ல வேண்டும், ஆசிரியரும் சொல்ல வேண்டும், நாமும் சொல்ல வேண்டும். மாமா, சித்தப்பா என்று உறவு பார்த்து மூடி மறைக்கக் கூடாது.

பள்ளியில் அடிப்பதும் சட்டப்படி தவறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மனதை வதைப்பதையும் தடை செய்கிறது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

சீட்டு வந்தால் போங்கள். ஒரு நாள் கூலி போகும் என்று தள்ளிப் போடாதீர்கள். முடியாத நாள் என்றால் வேறு நாள் கேளுங்கள். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து போவது நல்லது.

வீட்டில் உள்ளதை மறைக்காமல் சொல்லுங்கள். மலையாளம் புரியவில்லை என்றால் தமிழில் பேசச் சொல்லுங்கள்.

வீட்டில் தினமும் பத்து நிமிடம் பிள்ளையோடு பேசுங்கள். மார்க்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். யாரோடு விளையாடினாய், யார் உன்னை அழ வைத்தார்கள் என்றும் கேளுங்கள்.

"வாழப் பிடிக்கவில்லை" என்று பிள்ளை சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியாக விடாதீர்கள். அன்றைக்கே ஆலோசகரையோ டாக்டரையோ பாருங்கள்.

உங்கள் பள்ளியில் ஆலோசகர் இல்லையா? தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அங்கன்வாடி டீச்சரிடம் விசாரியுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். கேட்பது நம் உரிமை.

இந்த இரண்டு எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள். இரண்டுக்கும் காசு இல்லை. இரவும் பகலும் பேசலாம்.

1098 — குழந்தைகளுக்கு ஆபத்து என்றால்
14416 — மனக் கஷ்டம் என்றால். தமிழிலும் பேசலாம்.

உங்களில் பலர் வளர்ந்த பிறகு எழுத்துக் கற்றவர்கள். சின்ன வயதில் உங்களையும் சிலர் "மக்கு" என்று சொல்லி இருப்பார்கள். இன்று இந்தப் பக்கத்தை நீங்களே படிக்கிறீர்கள். அன்று குறை உங்களிடம் இல்லை. சொல்லித் தர ஆள் இல்லை, காரணம் கேட்க ஆள் இல்லை. உங்கள் பிள்ளைக்கு அந்த ஆள் இருக்கட்டும்.

புதிய சொற்கள்

ஆலோசகர் — யோசனை சொல்லி உதவுகிறவர்
உளவியல் — மனதைப் பற்றிய படிப்பு
அவகாசம் — கூடுதல் நேரம்
சலுகை — தனியாகத் தரும் உதவி

கூடிப் பேசுவோம்

1. விட்மர் பார்த்த பையனுக்கு எழுத வராததற்குக் காரணம் என்ன?
2. மொழி புரியாமல் உங்கள் பிள்ளை கஷ்டப்பட்டது உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?
3. உங்கள் ஊர்ப் பள்ளியில் ஆலோசகர் இருக்கிறாரா? விசாரித்து வந்து சொல்லுங்கள்.

எழுதிப் பழகுவோம்

தலைமை ஆசிரியருக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். "எங்கள் பள்ளிக்கு ஓர் ஆலோசகர் வேண்டும்" என்று கேளுங்கள். கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.