ஒரு டம்ளர் உப்புச் சர்க்கரை நீர்

1971ஆம் ஆண்டு. வங்கதேசத்தில் போர். மக்கள் உயிர் பிழைக்க மேற்கு வங்காளத்துக்கு ஓடி வந்தார்கள். பன்காவ் முகாமில் காலரா பரவியது. வாந்தி, பேதி. உடம்பில் இருந்த நீரெல்லாம் வெளியேறியது.

ஆஸ்பத்திரியில் இடமில்லை. நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்களும் தீர்ந்து வந்தன. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் என்ன செய்வார்?

பேதியாகும்போது வெறும் நீர் குடலில் சரியாகத் தங்காது. உப்பும் குளுக்கோசும் சேர்த்தால் குடல் உறிஞ்சிக்கொள்ளும். டாக்காவிலும் கல்கத்தாவிலும் முன்பே ஆராய்ந்து கண்டது இது. ஆனால் டாக்டர்கள் பலர் நம்பவில்லை.

திலீப் துணிந்தார். ஒரு லிட்டர் நீருக்கு குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். கல்கத்தாவில் எடை போட்டுப் பொட்டலம் கட்டினார்கள். முகாமில் குழாய் வைத்த டிரம்களில் கரைத்தார்கள். யார் குடிக்கக் கொடுத்தது தெரியுமா? டாக்டர் அல்ல. நோயாளியின் தாய், அக்கா, அண்ணன்! டம்ளர் டம்ளராகக் கொடுத்தார்கள்.

முன்பு நூறு பேரில் சுமார் 30 பேர் இறந்தார்கள். இப்போது நாலு பேருக்கும் குறைவு.

அந்தக் கரைசல்தான், கொஞ்சம் மாறி, இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக அங்கன்வாடியில் கிடைக்கிறது. எவ்வளவு நீரில் கரைப்பது? பொட்டலத்தின் மேலே அச்சிட்டிருக்கிறது. வாங்கியதும் படித்துப் பாருங்கள்.