இணையக் கடையில் கணக்குப் போடுவது யார்?



தொலைபேசியில் ஆர்டர் எடுத்து வந்த மளிகைக் கடைகள் பல இன்று சொந்தமாக இணையதளம் வைத்துள்ளன. தளத்தை அமைத்துத் தருபவர் கணிப்பொறி படித்தவர்தான். ஆயினும் அதில் தவறு நேர்ந்தால் நஷ்டம் நம் கல்லாவிலிருந்தே போகும். ஆகவே சில அடிப்படை விஷயங்களை நாமும் தெரிந்துகொள்வது அவசியம்.

இணையக் கடையில் இரண்டு இடங்களில் வேலை நடக்கிறது. ஒன்று, வாடிக்கையாளரின் கைப்பேசி. மற்றொன்று, நம் தளம் இயங்கும் சர்வர். சர்வரில் ஓடும் புரோகிராமை சர்வர் ஸ்கிரிப்ட் என்பர். 1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. இவ்வகையில் பெரிதும் புழங்குவது. நம் வழக்கில் சொல்வதானால், கைப்பேசியிலிருந்து வருவது சாமான் சீட்டு, சர்வர்தான் கல்லா. என்ன சாமான், எவ்வளவு என்பதைச் சீட்டில் எழுதலாம். விலையைக் கல்லாவில்தான் போட வேண்டும். அடிக்கடி வரும் ஐந்து சிக்கல்களைப் பார்ப்போம்.

1. விலை குறைந்து வரும் ஆர்டர்

ரூ.1,400 விலையுள்ள அரிசி மூட்டைக்கு ரூ.14 என்று ஆர்டர் வருகிறது. தளத்திலோ விலை சரியாகவே இருக்கிறது. காரணம் என்ன? பக்கத்தினுள் கண்ணுக்குத் தெரியாமல் விலையை எழுதி வைத்து, அது திரும்பி வரும்போது சர்வர் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. பிரவுசரில் உள்ள வசதியைக் கொண்டே அந்த எண்ணை எவரும் மாற்றிவிடலாம்.

பரிகாரம்: சாமானின் குறியீட்டு எண்ணையும் அளவையும் மட்டுமே வாடிக்கையாளரிடமிருந்து பெற வேண்டும். விலை, தள்ளுபடி, ஜி.எஸ்.டி., வண்டிக்கூலி ஆகியவற்றைச் சர்வர் தன் விலைப்பட்டியலைப் பார்த்தே போட வேண்டும். அளவையும் சோதிக்க வேண்டும். ஒருவர் 'மைனஸ் 2 கிலோ' என்று அனுப்பினால் பில் தொகை குறைந்துவிடும்.

2. ஒரே ஆர்டர் இரண்டு முறை

இணைப்பு மெதுவாக இருந்தால் வாடிக்கையாளர் பொத்தானை மறுபடி அழுத்துவார்; அல்லது பக்கத்தைப் புதுப்பிப்பார். இரண்டு ஆர்டர் பதிவாகிவிடும்.

பரிகாரம்: ஒவ்வொரு ஆர்டர் படிவத்துக்கும் சர்வரே ஓர் எண் தர வேண்டும். அதே எண் மறுமுறை வந்தால் பதியக் கூடாது. பதிந்தவுடன் வாடிக்கையாளரை 'நன்றி' என்ற தனிப் பக்கத்துக்கு அனுப்பிவிட வேண்டும். பிறகு எத்தனை முறை புதுப்பித்தாலும் அந்தப் பக்கமே வரும்.

3. ஒரு மூட்டை, இருவருக்கு விற்பனை

இருப்பில் ஒரே மூட்டை. ஒரே நொடியில் இருவர் ஆர்டர் செய்கிறார்கள். ஸ்கிரிப்ட் முதலில் இருப்பைப் பார்க்கிறது, பிறகு கழிக்கிறது. முதலாமவருக்குக் கழிப்பதற்கு முன்பே இரண்டாமவருக்கும் 'இருப்பு 1' என்று காட்டிவிடுகிறது. இருவரிடமும் பணம் வாங்கியாகிவிடும்; சரக்கு ஒருவருக்குத்தான்.

பரிகாரம்: பார்ப்பதும் கழிப்பதும் ஒரே கட்டளையாக இருக்க வேண்டும். 'இருப்பு 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் 1 கழி' என்று தகவல் தளத்துக்குச் சொல்ல வேண்டும். கழிந்ததா இல்லையா என்று கேட்டு, கழியவில்லை என்றால் 'சரக்கு தீர்ந்தது' எனத் தெரிவிக்க வேண்டும்.

4. பைசா வித்தியாசம்

கணிப்பொறி தசமப் புள்ளி எண்கள் பலவற்றைத் துல்லியமாக வைத்துக்கொள்வதில்லை. ரூ.19.99-ஐ 100-ஆல் பெருக்கிப் பைசாவாக்கினால் 1999 வருவதற்குப் பதில் அதற்கு மயிரிழை குறைவாக வரும். பின்னத்தை வெட்டிவிட்டால் 1998 ஆகிவிடும். பில்லும் பேரேடும் ஒத்துப்போகாது.

பரிகாரம்: தொகையைத் தொடக்கத்திலிருந்தே பைசாவிலும், எடையைக் கிராமிலும் முழு எண்ணாக வைத்துக்கொள்ள வேண்டும். பின்னம் வருமிடத்தில் எப்படி முழுமையாக்குவது என்பதை நாமே முடிவு செய்து எழுதித் தர வேண்டும்.

5. 'பணம் கட்டியாயிற்று'

வாடிக்கையாளர் திரையில் 'பணம் செலுத்தப்பட்டது' என்று வருவது சாட்சி ஆகாது. அந்தப் பக்கத்தைப் பணம் கட்டாமலும் திறக்க முடியும். பணப் பட்டுவாடா செய்யும் நிறுவனத்தைச் சர்வரே நேரடியாகக் கேட்டு, ஆர்டர் எண்ணும் தொகையும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே சரக்கு அனுப்ப வேண்டும்.

தளம் அமைத்தவருக்குக் கடைசித் தவணை கொடுக்குமுன், மேற்சொன்ன ஐந்தையும் நம் கண்முன் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். விலையை மாற்றி அனுப்பட்டும், பொத்தானை இருமுறை அழுத்தட்டும், கடைசி மூட்டையை இரண்டு கைப்பேசிகளில் ஒரே நேரத்தில் கேட்கட்டும், ரூ.19.99-க்குப் பில் போடட்டும். பணம் கட்டாமல் 'நன்றி' பக்கத்தைத் திறக்கட்டும். ஐந்திலும் கணக்குச் சரியாக நின்றால் கடையைத் திறக்கலாம். ஒன்று தவறினாலும் அதைச் சரிசெய்யும் வரை பொறுத்திருப்பதே லாபம்.