நிற்குமிடத்தில் நிறுத்துதல்

மோட்டார் வண்டி ஓடுங்கால் எண்ணெய் செலவாதல் யாவரும் அறிந்ததே. அஃது ஓடாது நிற்குங்காலும் எண்ணெய் செலவாகின்றது என்பதைப் பலர் கருதுவதில்லை. தருமபுரி நகரத்து நாற்சந்தியில் சிவப்பு விளக்கின் முன் நிற்கும் வண்டிகளை நோக்குமின். அவை ஓரடியும் நகர்வதில்லை. ஆயினும் அவற்றின் எஞ்சின்கள் ஓயாது உறுமிக்கொண்டிருக்கும். பயணம் சிறிதும் நிகழாதிருக்கச் செலவு மட்டும் நிகழும் இந்நிலையை ஒழித்தற்குப் பொறியியலறிஞர் கண்ட வழி ஒன்றுண்டு. வண்டி நின்றவுடன் எஞ்சின் தானே ஓய்ந்து, புறப்படுங்கால் தானே மீண்டும் இயங்குவதே அதுவாம். அதன் இயல்பையும், அதனின்று நம் மாவட்டத்தார் கற்கத்தக்கதனையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண் அதன் பயனை அளந்தறிவாம். இரண்டு லிட்டர் அளவுள்ள எஞ்சினையுடைய சிறு கார் ஒன்று, நின்றபடியே ஒரு மணி நேரம் இயங்கின், ஏறக்குறைய 0.6 லிட்டர் பெட்ரோலை உட்கொள்ளும். அக்கார் நாடோறும் விளக்குகளின் முன் நான்கு நிமிடம் நிற்பதாகக் கொள்வோமாயின், நாளொன்றுக்கு 0.04 லிட்டரும், 300 நாளில் 12 லிட்டரும் வீணாகும். ஒரு வண்டிக்கு இது சிறுதுளியே. ஒரு நகரத்து வண்டிகள் அனைத்திற்கும் பெருவெள்ளமாம். அவ்வெண்ணெயின் புகையும் அச்சந்தியிலேயே தங்கி, நடந்து செல்வார் மூச்சிற் கலக்கும்.

“மீண்டும் இயக்குதற்கு எண்ணெய் மிகுதியாக வேண்டுமன்றோ?” எனச் சிலர் வினவுவர். அமெரிக்க நாட்டு ஆர்கான் ஆய்வுக்கூடத்தார் இதனை அளந்து பார்த்தனர். பத்து விநாடிக்கு மேல் நிற்பதாயின், எஞ்சினை ஓய்வித்து மீட்டும் இயக்குதலே சிக்கனம் என்பது அவர்கள் கண்ட முடிபு.

இனி, இவ்வமைப்புத் தொழிற்படும் முறையைக் காண்பாம். வண்டியின் வேகம் முற்றும் அற்றதா, எஞ்சின் போதிய சூடு ஏறியுள்ளதா, மீண்டும் இயக்குதற்குரிய மின்வலி பாட்டரியில் உள்ளதா என்பனவற்றை உணர்கருவிகள் அறிந்து, வண்டியிலுள்ள சிறு கணிப்பொறிக்கு உணர்த்தும். இவையெல்லாம் ஒருங்கே பொருந்தினாலன்றி எஞ்சின் ஓயாது. பின்னர் ஓட்டுநர் கிளச்சை மிதிப்பினும், தானியங்கு கியர் உள்ள காரில் பிரேக்கினின்று காலை எடுப்பினும், ஸ்கூட்டரில் கைப்பிடியை முறுக்கினும், அது மீள இயங்கும். பன்முறை இயக்கப்படுதலின், கார்களில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பாட்டரியும் வழக்கத்தினும் வலியனவாக அமைக்கப்படும். ஸ்கூட்டர்களிலோ, மின்சாரம் ஆக்கும் பொறியே எஞ்சினைச் சுழற்றி இயக்கும் தொழிலையும் மேற்கொள்ளுதலின், பற்சக்கர ஓசையின்றி அது நடைபெறும்.

இக்கருத்துப் புதிதன்று. 1970களிலேயே ஜப்பான் நாட்டு டொயோட்டா நிறுவனத்தார் தம் கிரவுன் காரில் இதனை அமைத்துப் பார்த்தனர். நம் நாட்டில் 2008இல் மகிந்திரா ஸ்கார்ப்பியோவிலும், 2014இல் ஹீரோ நிறுவனத்தாரின் ஸ்ப்ளெண்டர் வகை ஒன்றிலும் இது புகுந்தது. 2004 வரை நம் மாவட்டத்துள் அடங்கியிருந்த ஓசூரில், 1980இல் இருவர் ஏறிச் செல்லத்தக்க மொபெட்டைச் செய்து வெளியிட்ட டி.வி.எஸ். நிறுவனத்தாரும், 2020இல் தம் ஜூப்பிட்டர் ஸ்கூட்டரில் ‘இன்டெல்லிகோ’ என்னும் பெயரால் இதனை அமைத்தனர்.

குறையும் இல்லாமலில்லை. எஞ்சின் ஓயின் பல கார்களில் குளிர்காற்றும் தணியும். அதனால் சிலர் வெயிற்காலத்தில் இவ்வமைப்பைப் பொத்தான் அழுத்தி விலக்கிவிடுவர். பாட்டரியை மாற்றுதற்கும் பொருள் மிகுதியாக வேண்டும்.

இவ்வளவும் சிக்கனத்தைப் பற்றியன. இனி, உயிரைப் பற்றியது ஒன்று கூறுவாம். சேலத்திற்கும் தருமபுரிக்கும் இடையிலுள்ள தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில், டீசலை மிச்சம் பிடிக்கக் கருதி, எஞ்சினை நிறுத்தியோ கியரை விடுத்தோ லாரியை உருளவிடும் வழக்கம் ஓட்டுநர் சிலரிடம் உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். உண்மையில் ஒன்றற்கொன்று நேர்மாறானவை. அவ்வமைப்போ வண்டி நின்றபின் எஞ்சினை நிறுத்துகின்றது. இவரோ வண்டி விரைந்திறங்கும்போது நிறுத்துகின்றனர். கியரில் இருக்கும் எஞ்சின் இறக்கத்தில் வண்டியைப் பின்னின்று இழுத்துப் பிடிக்கும். அப்பிடி இவ்விரு வழியாலும் அற்றுப்போகின்றது. பாரம் முழுவதையும் தாங்கும் பிரேக்குகள் சூடேறி வலியிழக்கின்றன. எஞ்சினே நிறுத்தப்படின், பிரேக்கிற்குரிய காற்றை அடைக்கும் பொறியும் நின்றுவிடுதலின், மிதிக்குந்தோறும் கலத்திலுள்ள காற்றழுத்தம் குறையும். ஸ்டீயரிங்கைத் திருப்பத் துணைசெய்யும் விசையும் ஒழியும். 2020 திசம்பரிலும் 2024 சனவரியிலும் இச்சாலையில் வண்டிகள் பல மோதி உயிர்கள் மாய்ந்தமை நாடறிந்தது. அவ்வவற்றின் காரணம் யாதாயினும், இவ்விறக்கம் பிழை பொறுக்கும் இடமன்று என்பது தெளிவு.

இந்நாடு பண்டைத் தகடூர். இதனை ஆண்ட அதியமான் மரபிற் பிறந்த பொகுட்டெழினியைப் புகழ்ந்த ஔவையார், புறநானூற்றில் உமணர் வண்டியை உவமையாக எடுத்தாண்டனர். பள்ளத்தில் இறங்கினும் மேட்டில் ஏறினும் என்ன நேருமோ என்று அஞ்சிய அவ்வுப்பு வாணிகர், வண்டியின் அடியில் வேறோர் அச்சினையும் கட்டிச் சென்றனராம். அதன் சுமை எருதுகளுக்கு மிகையே. ஆயினும் அவர்கள் அதனை வீண்செலவென்று கழித்துவிடவில்லை. இறக்கத்தில் எஞ்சின் உண்ணும் சிறிது டீசலும் அவ்வச்சினைப் போன்றதே.

ஆதலின், தானே நிற்கும் அமைப்பு இல்லாத வண்டியை உடையாரும், இரயில்வே கேட்டிலும் நெடிது எரியும் சிவப்பு விளக்கிலும் சாவியைத் தாமே திருப்பி எண்ணெயைக் காக்கலாம். இறக்கத்திலோ எஞ்சின் இயங்கட்டும். கியர் விழுந்தே இருக்கட்டும். வீணாவதைத் தவிர்த்தலே சிக்கனம்; வேண்டுவதைத் துறத்தல் சிக்கனமாகாது.