குருதி கூறும் களைப்பு

உழைக்கும் உடல் எதுவாயினும் களைப்பை அறியும். ஆனால் களைப்பை அளப்பது எப்படி என்று கேட்டால் விடை எளிதில் கிடைப்பதில்லை. காய்ச்சலை வெப்பமானி காட்டுகிறது. இரத்த அழுத்தத்தை அதற்குரிய கருவி காட்டுகிறது. களைப்பை எது காட்டும்?

இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த இடங்களுள் ஒன்று இராணுவப் பயிற்சி முகாம். அங்கே பதினெட்டு, இருபது வயது இளைஞர்கள் கூட்டமாக வந்து சேர்கின்றனர். எல்லோருக்கும் ஒரே உணவு, ஒரே ஓட்டம், ஒரே சுமை. அவர்களுள் ஒருவன் தாங்கக்கூடிய களைப்பில் இருக்கிறானா, ஆபத்தின் விளிம்பை நெருங்கிவிட்டானா என்பதை முகத்தைப் பார்த்து அறிய முடிவதில்லை. அவனும் வாய் திறப்பதில்லை. 'முடியவில்லை' என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்னும் அச்சம் அவன் வாயைக் கட்டிவிடுகிறது. அவன் சொல்லாததை அவன் குருதி சொல்லுமா? அறிவியலார் நூறாண்டுக்கு மேலாகத் தேடிவரும் இவ்விடையை, விலங்கியல் பயிலும் இரண்டாம் ஆண்டு மாணவன் என்ற முறையில், நான் கற்ற அளவில் இங்கே எடுத்துரைக்க விழைகிறேன்.

களைப்பு நஞ்சைத் தேடியோர்

இத்தாலியின் தூரின் நகரில் வாழ்ந்த ஆஞ்செலோ மோசோ என்னும் உடலியல் அறிஞர், களைத்த நாயின் குருதியை ஓய்ந்திருந்த நாயின் உடலில் செலுத்திப் பார்த்தார். ஓய்ந்திருந்த நாயிடமும் களைப்பின் குறிகள் தோன்றின என்று கூறினார். களைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1891-இல் வெளிவந்தது. களைப்பு என்பது குருதியில் ஊறும் ஒரு நஞ்சு என்னும் எண்ணம் இவ்வாறு வேர்கொண்டது. ஜெர்மானியரான வைகார்ட் என்பார் 1904-இல் அந்த நஞ்சைக் கண்டுவிட்டதாகவே அறிவித்தார். அதற்கு மாற்று மருந்தும் செய்ய முயன்றார். அம்முயற்சி நிலைக்கவில்லை.

பின்னர்ப் பழி லாக்டிக் அமிலத்தின்மேல் விழுந்தது. கேம்பிரிட்ஜில் பிளெட்சர், ஹாப்கின்ஸ் இருவரும் தவளையின் தசை களைக்கும்போது இவ்வமிலம் சேர்வதை 1907-இல் காட்டினர். ஆயினும் இன்று நாம் அறிவது வேறு. கடுமையாக ஓடும்போது குருதியில் லாக்டேட் உயர்வது உண்மைதான். ஆனால் ஓய்வெடுத்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதயம் அதனை எரிபொருளாகப் பயன்படுத்துகிறது; கல்லீரல் அதனை மீண்டும் குளுக்கோஸாக மாற்றுகிறது. மறுநாள் தொடையில் எழும் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே, லாக்டேட் இப்போது ஓடிய ஓட்டத்தின் கடுமையைச் சொல்லும். நாள்பட்டுச் சேர்ந்த களைப்பைச் சொல்லாது.

உடைந்ததைச் சொல்லும் நொதி

தசைக்குள் இருக்க வேண்டிய நொதிகளுள் ஒன்று கிரியேட்டின் கைனேஸ். பழக்கமில்லாத உழைப்பினால் தசை நார்களின் உறை சிதையும்போது இது குருதியில் கசிகிறது. ஆண்களுக்குச் சாதாரணமாக லிட்டருக்கு 200 யூனிட் அளவில் இருக்கும். தசைக்கட்டு மிகுந்தவர்களுக்குச் சற்றுக் கூடுதல்.

அமெரிக்கத் தரைப்படையில் அடிப்படைப் பயிற்சிக்கு வந்த 499 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2012-இல் வெளியாயிற்று. பயிற்சி தொடங்குமுன் சராசரி 223 யூனிட். மூன்றாம் நாள் 734. ஏழாம் நாள் 1,226. பதினான்காம் நாள் 667. பயிற்சி நிற்கவில்லை, ஆயினும் இரண்டாம் வாரத்திலேயே அளவு இறங்கத் தொடங்கிவிட்டது. தசை பழகிக்கொள்கிறது என்பதே இதன் பொருள். ஒருவருக்கு அளவு 35,056 வரை சென்றது. ஆனால் அந்த 499 பேருள் எவருக்கும் தசைச் சிதைவு நோயாக முற்றவில்லை!

அப்படியானால் இந்த எண்ணைப் பொருட்படுத்த வேண்டாமா? அவ்வாறும் கொள்ள முடியாது. தசை மிகுதியாகச் சிதைந்தால் மையோகுளோபின் என்னும் புரதமும் குருதியில் கலந்து சிறுநீரகத்தை அடைகிறது. இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டுவீச்சினால் இடிந்த வீடுகளுக்குள் கைகால் நசுங்கிக் கிடந்தவர்கள், மீட்கப்பட்ட பின்னரும் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் ஆகியோர் 1941-இல் விளக்கினர். இடிபாட்டில் சிக்காமல், அளவுக்கு மீறித் தண்டால் எடுத்தும் தோப்புக்கரணம் போட்டும்கூட அந்நிலையை அடைய முடியும். எனவே எண் ஒன்றேயானாலும், நலமாக நடமாடுபவனிடத்தில் அது பழகும் தசையின் அடையாளம். கருங்காப்பி நிறத்தில் சிறுநீர் கழிப்பவனிடத்தில் அது உயிருக்கு விடுக்கும் எச்சரிக்கை.

பசியா, களைப்பா?

அமெரிக்கத் தரைப்படையின் ரேஞ்சர் பயிற்சி ஏறத்தாழ எட்டு வாரம் நடப்பது. குறைந்த உணவு, குறைந்த உறக்கம், ஓயாத நடை. 1991-இல் அப்பயிற்சியை முடித்தவர்களைச் சோதித்தபோது அவர்கள் தம் எடையில் சராசரியாக ஏறத்தாழ 16 விழுக்காட்டை இழந்திருந்தனர். டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஆண் ஹார்மோன் மிகவும் தாழ்ந்திருந்தது. தைராய்டு ஹார்மோனும் குறைந்திருந்தது. நெருக்கடிக்காலத்தில் சுரக்கும் கார்டிசால் உயர்ந்திருந்தது.

இவை களைப்பின் குறிகள் என்றுதானே நினைப்போம்? இங்கேதான் ஒரு வியப்பு. பயிற்சியின் இடையே சில நாட்கள் நிறைவாக உணவு கிடைத்தபோது, உறக்கக் குறைவும் உழைப்பும் நீங்காதிருந்தும், டெஸ்டோஸ்டீரோனும் தைராய்டு ஹார்மோனும் விரைவில் மீண்டன. உடலைப் பெரிதும் தாழ்த்தியிருந்தது உழைப்பு மட்டுமன்று, பட்டினி. 1992-இல் வேறொரு பிரிவினருக்கு உணவு கூட்டிக் கொடுக்கப்பட்டது. எடையிழப்பு குறைந்தது, நோய்த்தொற்றும் குறைந்தது.

இப்பகுதியைப் படித்தபோது எனக்கு என் தந்தையின் நினைவு வந்தது. அவர் சுமை தூக்கும் தொழிலாளி. காலையில் நீராகாரம் குடித்துவிட்டுச் சென்றால் பொழுது சாயும் வரை மூட்டை சுமப்பார். வீடு திரும்பித் திண்ணையில் சாயும்போது 'அசதி' என்ற ஒரே சொல்தான் வரும். அந்த ஒரு சொல்லுக்குள் உழைப்பு எவ்வளவு, பசி எவ்வளவு என்று அவரும் பிரித்துப் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த நானும் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. குருதி அதைப் பிரித்துக் காட்டுகிறது என்பதே இவ்வறிவியலின் பெரும்பயன் என்று கருதுகிறேன்.

நீர்த்த குருதி

சில வேளைகளில் குருதி நம்மை ஏமாற்றவும் கூடும். தொடர்ந்து பயிற்சி செய்பவர்களின் குருதியில் பிளாஸ்மா பெருகுகிறது. செவ்வணுக்கள் குறையாமலே ஹீமோகுளோபின் செறிவு தாழ்ந்து, சோகைபோல் தோன்றும். நீண்ட நடையில் உள்ளங்கால் தரையில் மோதுவதால் செவ்வணுக்கள் உண்மையாகவே உடைவதும் உண்டு. கடும் அணிவகுப்பு நடைக்குப் பின் சிறுநீர் கருத்துப்போன ஓர் இளம் ஜெர்மானியப் படைவீரனைப் பற்றி 1881-இலேயே பிளைஷர் என்னும் மருத்துவர் எழுதியுள்ளார். ஒன்று தோற்றம், மற்றொன்று இழப்பு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் மருத்துவம் தவறிவிடும்.

இன்னும் கொடியது சோடியத்தின் செய்தி. குருதியில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருத்தல் வேண்டும். வெயிலில் பயிற்சி செய்பவன் அளவின்றித் தண்ணீர் குடித்தால் இது தாழ்ந்து, மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், மயக்கம் ஆகிய குறிகள் வெயிலில் சுருண்டவனுக்கும் இவனுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். இரக்கப்பட்டு மேலும் தண்ணீர் கொடுத்தால் அதுவே உயிரைப் பறித்துவிடும். இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பின்னரே அமெரிக்கத் தரைப்படை 1998-இல் தன் விதியை மாற்றி, மணிக்கு ஏறத்தாழ 1.4 லிட்டருக்கும் நாளுக்கு 11.4 லிட்டருக்கும் மேல் குடிக்கலாகாது என்று வரையறுத்தது. இவ்விருவரையும் பிரித்தறியக் கண் போதாது. ஒரு துளிக் குருதி வேண்டும்.

ஒற்றை எண் போதுமா?

மேற்கூறியவற்றால் விளங்குவது யாது? களைப்பு என்று பெயர் பொறித்த ஒரு பொருள் குருதியில் இல்லை. உடைந்ததை நொதி சொல்கிறது. குறைந்ததை ஹார்மோன் சொல்கிறது. நீர்த்ததைச் சோடியம் சொல்கிறது. இவற்றை வாசிப்பதற்கு மூன்று நெறிகள் வேண்டும்.

முதலாவது, ஒருவனை அவனோடே ஒப்பிட வேண்டும். பயிற்சிக்கு முன் எடுத்த அளவு இல்லையேல் பின் எடுத்த அளவுக்குப் பொருளில்லை. இரண்டாவது, நேரம் பார்க்க வேண்டும். கார்டிசால் விடியலில் உயர்ந்து நள்ளிரவில் தாழ்வது. கிரியேட்டின் கைனேஸோ உழைத்த அன்று அன்றி, ஓரிரு நாள் கழித்தே உச்சத்தை அடைவது. மூன்றாவது, பல அளவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவற்றோடு அவன் வாய்ச்சொல்லையும் சேர்க்க வேண்டும்.

இம்மூன்றாம் நெறியைப் பின்லாந்து நாட்டு ஆய்வொன்று நன்கு காட்டுகிறது. எட்டு வார அடிப்படைப் பயிற்சி பெற்ற 57 இளைஞர்களிடம் நடத்திய அவ்வாய்வு 2011-இல் வெளிவந்தது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்கு மீறிக் களைத்தவர் என்று கணிக்கப்பட்டனர். எதைக் கொண்டு? ஓடும் திறன் குறைந்தது, அதே வேலை முன்னிலும் கடினமாகத் தோன்றியது, உடலிலும் மனத்திலும் தோன்றிய குறிகள், நோயால் பயிற்சிக்கு வராத நாட்கள், 'என்னால் தாங்க முடியவில்லை' என்று அவர்களே ஒப்புக்கொண்டது ஆகியவற்றைக் கொண்டுதான். குருதியின் அளவுகள் அதற்குத் துணை நின்றன, தீர்ப்பு வழங்கவில்லை.

ஆகவே நண்பர்களே, இராணுவத்திலும் காவல்துறையிலும் சேர வேண்டும் என்னும் கனவோடு விடியற்காலையில் நம் கல்லூரி மைதானத்தில் ஓடும் தோழர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். முதல் வாரத்திலேயே முழு வேகம் வேண்டாம். தசை பழக இரண்டு வாரமாவது கொடுங்கள். வெறும் வயிற்றோடு பயிற்சியை நீட்டாதீர்கள். தாகத்துக்குக் குடியுங்கள், பந்தயத்துக்குக் குடிக்காதீர்கள். சிறுநீர் கருத்தாலோ, தசை வீங்கி விறைத்தாலோ, பேச்சுக் குழறினாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உடன் ஓடுபவனுக்கு நேர்ந்தால் அவனை அழைத்துச் செல்லுங்கள். நாளைக்கு உங்களுள் ஒருவர் பிறரைப் பயிற்றுவிக்கும் இடத்துக்கு உயரலாம். அப்போது, 'முடியவில்லை' என்று சொல்பவனை எள்ளி நகையாடாதீர்கள். ஆய்வுக்கூடத்தின் விடை வருவதற்கு நேரமாகும். அவன் சொல் முன்னதாகவே வந்துவிடுகிறது.