கடைசல் வேலைக்கு ஒரு வழிச்சட்டம்

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள தோணிரேவில் பனங்கூடை முடையும் பெண்டிர் ஓலையை எண்ணியே தொடங்குவர். கடைசல் தண்டில் வரிப்பள்ளம் இடுவோரும் அவ்வாறே எண்ணித் தொடங்குதல் வேண்டும். ஒரு பள்ளம் பிசகினும் உழைப்பும் மரமும் வீணாகும்.

முதலில், கடைசல் இயந்திரத்தின் சுழல்தண்டில் 24 துளைகளிட்ட வட்டத்தகட்டைப் பொருத்துக. மூன்று துளைக்கு ஒருமுறை முளையிட்டுப் பூட்டினால் 8 பள்ளங்களும், இரண்டு துளைக்கு ஒருமுறை பூட்டினால் 12 பள்ளங்களும் சம இடைவெளியில் அமையும்.

அடுத்து, மரத்தண்டின் இருபுறமும் அதன் அச்சுக்கு இணையாகச் சட்டங்களை நிறுத்துக. மரங்குடையும் ரூட்டர் கருவி அவற்றின்மேல் பிசகாது வழுகிச் செல்லவேண்டும். வெட்டலகு தண்டின் நடுக்கோட்டை நோக்கியிருத்தல் அவசியம். ஒரு தடவைக்கு 2 மில்லிமீட்டருக்குமேல் குடையலாகாது.

கடைசல் இயந்திரத்தின் மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே ரூட்டரை இயக்குக. ஊராட்சிகள் பொதுப் பட்டறையில் இத்தகைய சட்டமொன்றை அமைத்தால், கைவினைஞர் பலரும் பயனடைவர்.